காலிங் பெல் அடித்தால் அடி நிற்குமா?

கோடம்பாக்கத்தான்:
பக்கத்து வீட்டில் மனைவிக்கு அடி விழுந்தால் போய் காலிங் பெல்லை அடியுங்கள் என்று நேற்று ஒரு அம்மா இங்கே எழுதியிருந்தார். 2008-ல் பிரேக்த்ரூ அமைப்பு நடத்திய ‘பெல் பஜாவோ’ (பெல்லை அடியுங்கள்) விளம்பரம் வந்ததிலிருந்து ஆளாளுக்கு இதையே சொல்கிறீர்கள். பெல் அடித்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். கதவைச் சாத்தியதும் அவளுக்கு ரெண்டு மடங்கு விழும். அதற்கு யார் பொறுப்பு?

தாமிரபரணி:
அந்த அம்மா நான்தான், அண்ணாச்சி. என்னிடமே கேட்டிருக்கலாம். பெல்லோடு வேலை முடிந்தது என்று நான் எங்கே எழுதினேன்? எங்கள் தெரு மகளிர் குழு செய்வதைச் சொல்கிறேன். சத்தம் கேட்டால் ரெண்டு பேராகத்தான் போவோம். நியாயம் பேச மாட்டோம். “கறிவேப்பிலை இருக்கா, உங்க வீட்லயும் கரண்ட் போச்சா” என்று கேட்டு நிற்போம். ஓங்கின கை இறங்கினால் அந்த நேரத்துக்குப் போதும். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவளிடம் தனியாகப் பேசுவோம். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்கள், ஒரு மாற்றுத்துணி, பஸ்ஸுக்குக் காசு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் எங்களில் ஒருத்தி வீட்டில் இருக்கும். கிளம்புவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேச வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சரி, அந்த ‘ரெண்டு மடங்கு’ கணக்கை எங்கே எடுத்தீர்கள்?

கோடம்பாக்கத்தான்:
மஞ்சப்பை கதை நன்றாக இருக்கிறது, மேடம். கேட்டதற்குப் பதில் இல்லை. கதவைச் சாத்திய பிறகு?

பழைய வக்கீல்:
ரெண்டு பேரும் பெல்லை விடுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 4-ஐப் படியுங்கள். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கிற யாரும், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. பிரிவு 17-ன்படி வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. கோர்ட்டில் மனு கொடுத்தால் முதல் விசாரணை மூன்றே நாளில், தீர்ப்பு 60 நாளில்.

தாமிரபரணி:
வக்கீல் சார், “சாதாரணமாக மூன்று நாளுக்குள்” என்றும், 60 நாளில் முடிக்க “முயல வேண்டும்” என்றும்தான் இருக்கிறது. முழுசாகச் சொல்லுங்கள். நம்பிப் போகிறவள் கோர்ட் வாசலில் வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று நிற்பாள்.

பழைய வக்கீல்:
எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறீர்களா? நான் கோர்ட்டுக்குப் போன காலத்தில் இந்தத் தளமே கிடையாது.

மூணாவது மாடி:
பொய்க் கேஸ் போடும் பெண்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லையே! மனைவியைக் கொடுமை செய்ததாகப் போடும் 498ஏ (2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ். 85) என்றால் குடும்பத்தோடு உள்ளே போக வேண்டியதுதானே?

தாமிரபரணி:
அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது, காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று. அதற்குப் பிறகும் அதே பழைய பாட்டு. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ஐப் பாருங்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய அளவில் வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். பெரும்பாலோர் யாரிடமும் சொன்னதே இல்லை. கேஸ் போடுவது இருக்கட்டும், பெற்ற தாயிடம்கூட வாயைத் திறக்காதவர்கள். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரி போக வேண்டும் என்கிறேன்.

கோடம்பாக்கத்தான்:
போய்? பெல்லை அடித்துவிட்டுத் திரும்பிய பிறகு?

கீரனூர் பாத்திமா:
அக்கா சொல்வது சரி. எங்கள் புதுக்கோட்டையில் பெண்ணுரிமைக்காகப் போராடும் ஷெரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத் தொடங்கியது எதற்கு? பள்ளிவாசலில் கூடும் ஊர்ப் பஞ்சாயத்தான ஆண்கள் ஜமாஅத்தில் அடிபட்டவளை உட்கார வைக்காமலேயே அவள் வழக்கைப் பேசி முடித்தார்கள். பெண்களே உட்கார்ந்து மனுவை வாங்கிக் கணவனைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அவள் பேச்சு எடுபட்டது.

மூணாவது மாடி:
அடுத்தது மதமா? மகளிர் காவல் நிலையம் எதற்கு இருக்கிறது?

தாமிரபரணி:
தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தது. நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணோடு நான் போன நிலையத்தில் உதட்டில் காய்ந்த ரத்தத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து “பிள்ளைக்காக அனுசரிச்சுப் போம்மா” என்றார்கள். அன்றிரவே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணாச்சி, ரெண்டு மடங்கு விழும் என்றீர்களே, அப்படி அனுப்பின வீட்டில்தான் விழும்.

கோடம்பாக்கத்தான்:
ஆக, ரெண்டு மடங்கு விழும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

தாமிரபரணி:
பெல்லால் விழும் என்று நான் சொல்லவே இல்லை! தெருவிளக்கு பற்றி இந்தத் தளத்தில் நடந்த விவாதத்திலும் இப்படித்தான் என் வரியை வெட்டி ஒட்டினீர்கள்.

கோடம்பாக்கத்தான்:
தெருவிளக்கை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னதுதான் சரி.

பழைய வக்கீல்:
60 நாள் விஷயத்தில் நான் சொன்னதும் சரிதான். பிரிவு 12, உட்பிரிவு 5. பாருங்கள்.

தாமிரபரணி:
பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் சார், “முயல வேண்டும்” என்றே இருக்கிறது. அண்ணாச்சிக்கு மறுபடியும் சொல்கிறேன், ரெண்டு பேராகப் போக வேண்டும், மறுநாளும் போக வேண்டும்.

கோடம்பாக்கத்தான்:
மறுநாள் சரி. நான் கேட்பது அன்றைக்கு ராத்திரி.