ஏழாவது சோனாவில் ஒரு மண்மேடு

குவாத்தமாலா நகரத்துக்குப் போகிறவர்கள் முகவரியில் சோனா, அதாவது மண்டல எண்ணை மறக்காதீர்கள். ஊரைச் சோனாக்களாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். ஆனால் தெரு எண்களும் அவென்யூ எண்களும் சோனாவுக்குச் சோனா திரும்ப வருகின்றன. சோனா எண்ணைச் சொல்லாமல் டாக்சியில் ஏறிய நான், ஒரு டயர் கடை வாசலில் போய் இறங்கினேன்.

தேடிப் போனது ஏழாவது சோனாவில் உள்ள கமினல்ஹுயு. எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் வணிகத்தால் செழித்த பழைய மாயா நகரம். கிச்சே என்ற மாயா மொழியில் இந்தப் பெயருக்கு 'இறந்தவர்களின் மேடுகள்' என்று பொருள். சுமார் 200 மேடுகள் இருந்தனவாம். பெரும்பாலானவற்றை இன்றைய ஊர் விழுங்கிவிட்டது. கல் பிரமிடை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த நகரத்து மாயர்கள் பெரும்பாலும் மண்ணால் கட்டியவர்கள். அகழ்ந்த சுவர்களைக் கூரை போட்டு மழையிலிருந்து காக்கிறார்கள்.

புல்வெளியில் ஒரு மாயா குடும்பம் மெழுகுவத்தி ஏற்றிக் கொப்பால் பிசினைப் புகைத்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ நம் சாம்பிராணி வாசனை. ஒரு பாட்டி என்னைப் பார்த்து வேகமாகக் கையசைத்தார். படம் எடுக்கக் கூடாது போலும் என்று கேமராவைப் பைக்குள் வைத்தேன். மறுபடியும் கையசைத்தார். காற்று திரும்பிப் புகை என் முகத்தில் அடித்தபோதுதான் புரிந்தது: தள்ளி நில் என்றிருக்கிறார்! இருமி முடிக்கும்வரை குடும்பமே சிரித்தது.

பதினோராவது சோனாவில் இன்னும் வேடிக்கை. மிராஃப்ளோரெஸ் வணிக வளாகத்தை ஒட்டி அதே பழைய நகரத்தின் மேடுகள் சில நிற்கின்றன, பக்கத்திலேயே அருங்காட்சியகம். கையில் பையோடு போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் பழைய ஸ்பானிய ஊர்போல வெள்ளையடித்துப் புதிதாகக் கட்டிய கயாலா என்ற பகுதியில் படமெடுக்கக் கூட்டம் முண்டியடிக்கிறது. எனக்கு அந்த இடம் ஒட்டவில்லை.

இரண்டாவது சோனாவில் உள்ள நிலவரைபடத்தை விட்டுவிடாதீர்கள். பிரான்சிஸ்கோ வேலா என்ற பொறியாளர் 1905-இல் முடித்தது. நாடு முழுவதையும் மலை, ஆறுகளோடு தரையில் வடித்திருக்கிறார். மலைகளின் உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு கூட்டியிருப்பதால் எரிமலைகள் ஊசிகளாக நிற்கின்றன. கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும்.

தெருவில் மாங்காய்க் கீற்று விற்கிறார்கள். உப்பு, எலுமிச்சைச் சாறு, மிளகாய் வரை நமக்குப் பழக்கம். மேலே தூவும் பூசணி விதைப் பொடிதான் புதிது. மூன்று பை வாங்கினேன்.