கட்டு பெருசு, காசு சிறுசு: வீட்டில் மாட்டு ஏலம் ஆடியவர்களின் கதைகள்

திருநகர்க்காரி:

ஏலம் விட்டு, பொய்க்கட்டு காட்டி ஏமாற்றி ஆடும் குடும்ப ஆட்டம் ஏதாவது உங்கள் வீட்டில் உண்டா? எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி லீவுக்கு வந்தபோது ஜெர்மனியிலிருந்து ஒரு சீட்டுப்பெட்டி கொண்டுவந்தான். ஆட்டத்தின் பெயர் கூஹாண்டல். உருவாக்கியவர் ரூடிகர் கோல்ட்சே, ராவென்ஸ்பர்கர் நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. மூன்று பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். பத்து வகைப் பிராணி, வகைக்கு நாலு சீட்டு. சேவல் 10, வாத்து 40 என்று ஆரம்பித்து பன்றி 650, மாடு 800, குதிரை 1000 வரை போகும். நாலும் சேர்ந்தால்தான் மதிப்பு. மூன்று குதிரையைக் கட்டி வைத்திருந்தாலும் ஒன்றும் கிடையாது.

உங்கள் முறை வந்தால் மேல் சீட்டைத் திருப்பி ஏலம் விடலாம். இல்லையென்றால், உங்களிடம் உள்ள பிராணி இன்னொருவரிடமும் இருந்தால், அவர் முன்னால் காசுச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து விலை பேசலாம். அவர் அதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு பிராணியைக் கொடுத்துவிடலாம். அல்லது பதிலுக்குத் தானும் ஒரு கட்டைக் கவிழ்க்கலாம். அப்படிச் செய்தால் இரண்டு கட்டும் கை மாறும், கூட வைத்தவருக்குப் பிராணி. இதில் விஷமம் எங்கே என்றால், ஆட்டம் தொடங்கும்போதே ஆளுக்கு இரண்டு பூஜ்யச் சீட்டு கொடுத்துவிடுகிறார்கள். அதைச் சேர்த்தால் கட்டு தடிக்கும், காசு ஏறாது. பொய்க்கட்டு என்றது அதைத்தான்.

அப்பத்தாவுக்கு எண் தெரியும், எழுத்து வராது. முதல் ஆட்டம் முழுக்க வெற்றிலை மென்றுகொண்டு வேடிக்கைதான் பார்த்தாள். அடுத்த ஆட்டத்தில் என்னிடம் இரண்டு மாடு, அவளிடம் இரண்டு மாடு. நான் ஆறு சீட்டை அடுக்கி, தரையில் தட்டி ஓரத்தைச் சீராக்கி, கவிழ்த்து வைத்தேன். அப்பத்தா கட்டையும் தொடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரே ஒரு சீட்டை எடுத்து எதிரே வைத்தாள். வாங்கிப் பார்த்தால் 50. என் கட்டில் நாலு பத்து, இரண்டு பூஜ்யம். பத்து ரூபாய் கூடப் போட்டு என் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“ஏத்தா, ஐநூறை அப்பவே குதிரைக்குக் குடுத்துட்ட. பெறகு ஒன் கட்டுல என்னத்த இருக்கப் போகுது?” என்றாள்.

விஷயம் அதுதான். கழுதைச் சீட்டு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் சமமாகக் காசு வரும்: முதல் கழுதைக்கு 50, அடுத்து 100, 200, 500. வரவு எல்லோருக்கும் ஒன்று. ஆகவே எவர் எதற்கு எவ்வளவு இறக்கினார் என்று மனசில் வைத்திருப்பவருக்கு அடுத்தவர் முகத்தைப் படிக்கிற வேலையே இல்லை. இரும்பு முகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி கடைசி இடம்.

திருமங்கலத்தான்:

அக்கா, உங்கள் அப்பத்தாவுக்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டில் கதை தலைகீழ்.

எங்கள் மாமா வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கையோடு கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. வாய் பாட்டுக்கு “இந்த விலைக்கு யாருய்யா தருவா” என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், வியாபாரம் துண்டுக்குள்ளே முடிந்திருக்கும். காசைக் கவிழ்த்து வைக்கணும் என்று சொன்ன உடனே மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சீட்டின் மேல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துண்டு இல்லாமல் ஆட்டம் கிடையாது.

இப்படிப்பட்ட ஆள் ஜெயித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஏலத்தில் ஒரு விதி உண்டு. மற்றவர்கள் கேட்டு முடித்த பிறகு, ஏலம் விட்டவர் அந்தத் தொகையைக் கடைசியாகக் கேட்டவரிடமே கொடுத்துவிட்டுப் பிராணியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். எனவே ஏலம் விடுகிறவருக்குத் தேவைப்படுகிற பிராணி என்று தெரிந்தால், வேண்டாதவனும் ஏற்றிவிடுவான். மாமாவுக்கு அது ரத்தத்தில் ஊறியது. மச்சான் பூனையை ஏலம் விட்டபோது மாமா 200 வரை ஏற்றினார். மச்சான் அவரையே பார்த்துக்கொண்டு “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று பூனையை அவர் தலையில் கட்டிவிட்டான். நாலு பூனையும் சேர்ந்தாலே மதிப்பு 90.

அடுத்த ஏலத்தில் கையில் இல்லாத காசைக் கேட்டு மாட்டிக்கொண்டார். அப்படிச் செய்தால் கையிலிருப்பதை எல்லோருக்கும் விரித்துக் காட்டணும், ஏலம் மறுபடி நடக்கும். விரித்தால் இரண்டு பூஜ்யம், ஒரு பத்து. அதற்குப் பிறகு அவர் துண்டுக்குள்ளே என்ன வைத்தாலும் யார் பயப்படுவார்?

“இவரு ஆயுசுக்கும் அடுத்தவன் காசைத்தான எறக்குனாரு, தன் காசை எங்க எறக்குனாரு” என்றார் அத்தை. மாமாவுக்கு அது இன்னும் ஆறவில்லை.

கூடல்நகர்:

ஒரு சந்தேகம். சேவல் வெறும் 10 என்றால் அதற்கு எவன் காசு போடுவான்?

திருநகர்க்காரி:

கணக்கு முடிவில் மாறும். நாலு சேர்ந்த வகைகளின் மதிப்பைக் கூட்டி, எத்தனை வகையோ அதால் பெருக்க வேண்டும். குதிரை மட்டும் என்றால் 1000. குதிரையும் சேவலும் என்றால் 1010 பெருக்கல் 2, ஆக 2020. சேவலைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தவர்கள் அப்புறம்தான் விழிப்பார்கள். ஆனால் சேவல், வாத்து, பூனை மூன்றையும் சேர்த்து வைத்தாலும் 420-தான் வரும். பெரிய பிராணி ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும்.

மதினியிடம் தோற்றவன்:

ஏலச்சீட்டு பிடிக்கிறவர்களோடு மட்டும் இந்த ஆட்டத்துக்கு உட்காராதீர்கள், சொல்லிவிட்டேன்.

எங்கள் மதினி தெருவில் சீட்டு நடத்துகிறவர். மாதாமாதம் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பிரியும். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வீடு எது, சும்மா ஏற்றிவிட வந்த ஆள் யார், எந்தத் தொகையோடு ஏற்றிவிடுகிறவன் வாயை மூடணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. திருமங்கலத்தார் மாமாவுக்கும் மதினிக்கும் வித்தியாசம் அங்கேதான். இரண்டு பேரும் ஏற்றிவிடுவார்கள், மதினிக்கு நிறுத்தவும் தெரியும்.

என்னிடம் மூன்று பன்றி. நாலாவது நான் ஏலம் விடும்போதே வந்தது. மற்றவர்கள் 150-லேயே விலகிவிட்டார்கள். மதினி 200, 250 என்று தானாகவே ஏற்றிக்கொண்டு போய் 350-ல் நின்றார். அவருக்குப் பன்றியே கிடையாது. நான் அந்தத் தொகையை அவரிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் இருந்தது ஒற்றை ஐநூறு, அப்புறம் பூஜ்யங்கள். இந்த ஆட்டத்தில் பாக்கி தருகிற வழக்கமே கிடையாது. 500-ஐ நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “கொழுந்தனாருக்குச் சில்லறை மாத்தி வைக்கிற பழக்கமே இல்ல” என்றார். என்னிடம் சில்லறை இல்லை என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அந்த ஐநூறை வைத்து அடுத்த சுற்றில் என்னிடமிருந்தே ஆட்டை வாங்கினார்.

வைகைக்கரை:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் குறை சொல்கிறேன். ஐந்து பேர் உட்கார்ந்தால் இழுக்கிறது. 40 சீட்டும் ஏலம் போன பிறகு ஒருவரோடு ஒருவர் விலை பேசுவது மட்டும்தான் மிச்சம். கையில் பேசுவதற்குப் பிராணி இல்லாதவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் சின்னவள் அந்தக் கட்டத்தில் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். காசில்லாமல் போனால் மீண்டு வரும் வழியும் குறைவு. பெரியவர்களுக்கு அது சுவாரஸ்யமாக இருக்கலாம், பிள்ளைகளுக்கு அழுகைதான்.

எங்கள் வீட்டில் இப்போது ஃபார் சேல் என்கிற ஏல ஆட்டம் ஓடுகிறது. ஸ்டெஃபான் டோரா உருவாக்கியது, 1997-ல் வந்தது. முதல் பாதியில் 1 முதல் 30 வரை எண்ணிட்ட வீடுகளை ஏலம் எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் தொடங்கி விண்வெளி நிலையம் வரை விதவிதமான வீடுகள். விலகுகிறவர் கேட்டதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இருப்பதில் சின்ன வீட்டை எடுத்துக்கொள்வார். கடைசிவரை நின்றவருக்குப் பெரிய வீடு, முழுக்காசு. அடுத்த பாதியில் அந்த வீடுகளை ஒரே நேரத்தில் கவிழ்த்து வைத்துத் திருப்பி, காசோலைக்கு விற்க வேண்டும். காசோலை பூஜ்யத்திலிருந்து 15,000 வரை. யாரும் வெளியே உட்கார வேண்டியதில்லை, சோறு வேகிற நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பொய்க்கட்டு ருசி இதில் பாதிதான், ஒத்துக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி:

பெட்டி கிடைக்காதவர்களுக்கு. நாங்கள் ஆடுவது சொந்தத் தயாரிப்பு. கல்யாணத்தில் மிச்சமான பத்திரிகைக் கட்டை வெட்டி, 40 பிராணி, 55 காசுச் சீட்டு செய்தோம். காசு: பூஜ்யம் 10, பத்து 20, ஐம்பது 10, அப்புறம் நூறு, இருநூறு, ஐநூறு ஒவ்வொன்றும் 5. ஆரம்பத்தில் ஆளுக்கு இரண்டு பூஜ்யம், நாலு பத்து, ஒரு ஐம்பது. ஒரே கல்யாணத்துப் பத்திரிகையாக இருக்கணும். முதுகுப்பக்கம் வித்தியாசம் தெரிந்தால் பிள்ளைகள் ஐநூறை மோப்பம் பிடித்துவிடுவார்கள். முனை மடங்கிய சீட்டையும் உடனே மாற்றிவிடுங்கள்.

குதிரை எங்களுக்கு ஒட்டவில்லை. அதை எடுத்துவிட்டுப் புலிக்குளம் காளையைப் போட்டுவிட்டோம், மதிப்பு அதே 1000. சித்தப்பா காளைக்குத் திமிலை வரைந்து கொம்புக்குச் சிவப்பு மை தீட்டியிருக்கிறார். அந்தச் சீட்டு ஏலத்துக்கு வந்தால் மட்டும் சின்னப் பயல்கள் எழுந்து நின்று கேட்பார்கள்.

திருமங்கலத்தான்:

உசிலம்பட்டியாரே, இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். புலிக்குளம் காளைக்கு ஆயிரமா, அதற்குக் கீழே நிற்கிற மாட்டுக்கே எண்ணூறு போட்டிருக்கிறார்களே, ரெண்டாயிரத்துக்குக் குறைந்து பேச்சே எடுக்காதே என்கிறார். தரகு தனியாம்.