ஒரே மாடி, ஒரே வாடகை: இது கூட்டுக் கண்காட்சிக்குக் காணுமா?

வெள்ளவத்தை_வாசி:
போன சனிக்கிழமை கொழும்பு 7 இல நடக்கிற அந்த அஞ்சு பேரின்ர கண்காட்சிக்குப் போனனான். கொட்டாஞ்சேனையில ஒரு கடைக்கு மேல்மாடியை அஞ்சு பேரும் சேந்து எடுத்து மூண்டு வருசமா அங்க வேலை செய்யினமாம், அதுதான் கண்காட்சிக்குக் காரணம், வேற ஒண்டும் வாசல் போர்டில இல்லை. உள்ள போனா ஒருத்தர் ஆறடி கன்வஸில துறைமுகத்துக் கிரேன் கீறியிருக்கிறார், பக்கத்தில ஒருத்தர் பழைய சாக்குத் துணியில தையல் வேலை, ஒருத்தர் கடைப் பெயர்ப்பலகையளை வெட்டி ஒட்டினது, ஒருத்தர் போட்டோ, ஒரு பிள்ளை உள்ளங்கை அகலத்தில சின்னச் சின்னப் படம். ஒண்டுக்கொண்டு கதைபேச்சே இல்லை. வேலையளில நான் குறை சொல்லேல்ல, ரெண்டு மூண்டு உண்மையா நல்லா இருக்கு. நான் கேக்கிறது இதுதான், வாடகையைப் பங்கு போடுறது ஒரு கண்காட்சிக்குக் காணுமா? எங்கட ஃபிளாட்டில லிஃப்ட் செலவை பதினாறு வீடு பங்கு போடுறம், அப்ப நாங்களும் படம் மாட்டலாம் போல.

ஆமர்வீதி_பையன்:
அண்ணே லிஃப்ட்ல நீங்க அரை நிமிஷம் நிப்பீங்க, பக்கத்துல நிக்கிறவரோட முகத்தையும் பாக்க மாட்டீங்க. அவங்க ஒரே ஃபேனுக்குக் கீழ மூணு வருஷம் இருந்திருக்காங்க. எனக்கு அந்த எடம் தெரியும், படி இவ்வளவு ஒடுக்கம், பெரிய கன்வஸ எறக்கணும்னா ஜன்னல் வழியா கயிறு கட்டித்தான் எறக்குவாங்க, கீழ கடைக்காரரு கூட வந்து புடிப்பாரு. இதெல்லாம் ஒண்ணா இல்லைன்னா வேற எது ஒண்ணு, எல்லாரும் ஒரே மாதிரி யானை வரையணுமா?

பழைய_கலரிக்காரன்:
தம்பி வாசி, ஆளாளுக்கு வேற வேற விதமா வரையிறது ஒரு குற்றமே இல்லை. 43 குழு எண்டு ஒரு ஓவியர் கூட்டத்தை ஊரெல்லாம் புகழுறமே, ஜோர்ஜ் கீற்றின்ர கோட்டையும் ஜஸ்டின் தெரணியகலவின்ர தூரிகையையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, ஒரே நாட்டுக்காரர் எண்டே சொல்ல ஏலாது. ஐவன் பீரிஸ் இன்னொரு உலகம். அதோட ஓப்ரி கொலெற் எண்ட கார்ட்டூன்காரரும் அந்தக் கூட்டத்திலதான் இருந்தவர். 1943 ஓகஸ்ட்டில போட்டோக்காரர் லயனல் வென்ட்டின்ர வீட்டில கூடி ஒரு பேரை வச்சினம், பத்து வருசத்துக்குள்ள லண்டன், பாரிஸ் வரைக்கும் படங்கள் போச்சு.

வெள்ளவத்தை_வாசி:
ஐயா நீங்கள் எனக்குத்தான் பொயின்ட் எடுத்துத் தாறியள் 🙂 அவைக்கு ஒரு ஸ்டூடியோ பொதுவா இருக்கேல்ல, ஆனா ஒரு சண்டை பொதுவா இருந்தது. இலங்கைக் கலைச் சங்கம் எண்டு இங்கிலிஷ்காரன் பழக்கின படியே வரைஞ்சுகொண்டிருந்த ஆக்களுக்கு எதிராத்தான் வெளியில வந்தவை. உந்த அஞ்சு பேரும் ஆருக்கு எதிர்? என்னத்துக்கு எதிர்? கரண்ட் பில்லுக்கோ?

ஆமர்வீதி_பையன்:
ஆமா கரண்ட் பில்லுக்குத்தான், சிரிக்காதீங்க. வென்ட் யாரு, உச்ச நீதிமன்ற நீதிபதி மகன், இன்னைக்கு லயனல் வென்ட் அரங்கு இருக்கிற எடம்தான் அவரு வீடு, அந்த வீட்ல கூடுறவங்களுக்கு வாடகைய பத்தி யோசிக்க வேண்டியதில்ல. இவங்க 2022ல ஆரம்பிச்சாங்க, 200 ரூவா சொச்சத்துல இருந்த டொலர் 360ஐ தாண்டின வருஷம், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, வெளிநாட்டு பெயின்ட் ட்யூப் ஒண்ண தொட்டுக்கூட பாக்க முடியாது. தனித்தனியா இருந்திருந்தா அஞ்சு பேர்ல நாலு பேரு துபாய் போயிருப்பாங்க. சேந்து எடம் புடிச்சதுதான் அவங்க சண்டை. அதுக்கு மேல ஒரு கொள்கை வேணும்னு கேக்குறது கொழும்பு 7 பணக்காரங்க பழக்கம்.

வெள்ளவத்தை_வாசி:
நான் இருக்கிறது கொழும்பு 6 தம்பி, 155 பஸ்ஸில தொங்கிக்கொண்டுதான் கலரிக்குப் போனனான்.

மாளிகாவத்தை_நானா:
நானும் போய் பாத்த, உம்மாவையும் கூட்டிட்டு போன. ஒரு லேபல்ல சரி தமிழ் இல்ல, சிங்களமும் இல்ல, முழுக்க இங்கிலிஷ். உம்மா ஒவ்வொண்டுக்கும் இது என்ன மகன் இது என்ன மகன்டு கேக்க நான் நிண்டு மொழிபெயர்த்த, பாதி எனக்கே வெளங்கல்ல. கொட்டாஞ்சேனைல இருந்து வந்த படம், கொட்டாஞ்சேனை ஆக்களுக்கு வாசிக்க ஏலாது. கொள்கை கிள்கை எல்லாம் பொறகு பாக்கலாம்.

பழைய_கலரிக்காரன்:
இதை நானும் ஒத்துக்கொள்ளுறன். வருசத்துக்கு ஒரு நாள் கிறீன் பாத் நடைபாதையில நடக்கிற கலா பொல எண்ட ஓவியச் சந்தையில லேபலே தேவையில்லை, வரைஞ்ச ஆளே பக்கத்தில ஸ்டூலில இருப்பார், கேட்டா சொல்லுவார், விலையும் கொஞ்சம் குறைப்பார். 1993 இல இருந்து சனம் அப்பிடித்தான் பாத்துப் பழகினது. சுவர் வெள்ளையானவுடன ஆள் மறைஞ்சு லேபல் வந்திடுது.

மை_போத்தல்:
நான் ஒரு ஸ்கூலில சித்திரம் படிப்பிக்கிறன், ரெண்டு தரம் போய்ப் பாத்தனான். வாசி அண்ணை, "ஒண்டுக்கொண்டு கதைபேச்சு இல்லை" எண்டியள், நீங்கள் வடிவாப் பாக்கேல்ல. கிரேனுக்குப் பின்னால வானம் ஒரு நீலம், பச்சை கொஞ்சம் கலந்த மாதிரி, பளபளக்கும். அதே நீலம் பெயர்ப்பலகைத் துண்டுகளில இருக்கு, சாக்குத் துணியின்ர கீழ் ஓரத்தில கை அகலத்துக்குப் பூசி அதுக்கு மேலதான் நூல் ஓடுது. போட்டோவில நிலத்தைப் பாருங்கோ, அங்கயும் அதே நீலம் சொட்டுச் சொட்டாக் காஞ்சு கிடக்குது. ஓவியக் கடையில விக்கிற நீலம் அப்பிடி மின்னாது, அது கேற்றுக்கு அடிக்கிற எனாமல். நாலு பேரின்ர வேலையில ஒரே டின்.

வெள்ளவத்தை_வாசி:
இது எனக்குப் படவே இல்லை, உண்மையைச் சொல்லுறன். மாட்டினது தள்ளித் தள்ளியெல்லோ, ஒண்டைப் பாத்திட்டு மற்றதுக்குப் போகேக்க நிறம் மறந்து போகுது.

மாடியில_ஒருத்தன்:
வணக்கம், அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன், பெயர்ப்பலகை என்னோடது. அக்கா கண்டுபுடிச்சிட்டீங்க. மெயின் வீதியில ஒரு கடைக்கு போர்டு எழுதினேன், கடைக்காரருக்கு காசு முழுசா குடுக்க முடியல, மிச்சத்துக்கு நாலு லீட்டர் டின் குடுத்தாரு, அவரு ஷட்டருக்கு வாங்கி மிஞ்சினது. அத படிக்குக் கீழ வச்சோம், யாருக்கு வேணுமோ எடுத்தாங்க, அவ்வளவுதான். லேபல் விஷயத்துல நானாகிட்டயும் உம்மாகிட்டயும் மன்னிப்பு கேக்குறேன். எழுதிக் குடுத்தது வேற ஆள், "எல்லை", "இடைவெளி"ன்னு இங்கிலிஷ்ல என்னென்னமோ போட்டாரு, நாங்களும் நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டோம்.

வெள்ளவத்தை_வாசி:
தம்பி உங்களில எனக்குக் கோவம் வாறது இப்பதான். மூண்டு வருசம், ஒரு டின், நாலு பேர், கடைக்காரன்ர கடன், இதெல்லாம் கையில வச்சுக்கொண்டு அதில ஒரு வரியும் சுவரில இல்லை! எல்லை இடைவெளி எண்டு எழுதிப்போட்டு டின்னைப் படிக்குக் கீழ விட்டிட்டு வந்திருக்கிறியள். நான் வாடகை மட்டும் காணாது எண்டு சொன்னது பிழை இல்லை, வாடகையை ஆவது காட்டியிருக்க வேணும்.

ஆமர்வீதி_பையன்:
பாத்தீங்களா, காரணம் இருந்துச்சுல்ல. நான் மொதல்ல இருந்து சொன்னது அதுதானே.

வெள்ளவத்தை_வாசி:
நீர் சொன்னது கயிறு கட்டி இறக்கின கதை. அதையும் ஒருத்தரும் மாட்டேல்ல.

பழைய_கலரிக்காரன்:
ஒரு இடைச்செருகல். கிரேன் படத்தில வலது கீழ் மூலையில வெள்ளை உரியத் தொடங்கியிருக்கு. எனாமல் காஞ்ச பிறகு அதுக்கு மேல அக்ரிலிக் அடிச்சிருக்கிறார் போல, பிடிக்காது. கன்வஸைச் சுருட்டவும் வேண்டாம், எனாமல் இறுகினா வெடிக்கும். வாங்கிறவைக்கு இதைச் சொல்லிப்போட்டு வில்லுங்கோ.

மை_போத்தல்:
ஆரும் கேக்கேல்ல, நான் நாலு பேர் எண்டு எண்ணிச் சொன்னனான். அஞ்சாவது பிள்ளையின்ர படங்களில அந்த நீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தெரியும், அதால சொல்லுறன். அவ பின்னேரம் அஞ்சரைக்கு வெளிக்கிட வேணும், வீட்டில அப்பிடி. எனாமல் மாடியில காய ஒரு நாளாவது வேணும், அவ தன்ர வேலையை அங்க விட்டிட்டுப் போறேல்ல, ஒரு தரம் ஆரோ அதுக்கு மேல தின்னர் போத்தலை வச்சிட்டினம். அப்ப பேனை, மை, ஹாண்ட்பாக்கில வைக்கக்கூடிய அளவு கார்ட். நான் நிண்ட நேரம் ரெண்டு பேர் அதைப் பாத்து "எவ்வளவு அடக்கமா, நெருக்கமா இருக்கு" எண்டு புகழ்ந்தவை. அது அடக்கம் இல்லை, பஸ். நாலு பேருக்கு அந்த மாடி இருபத்திநாலு மணித்தியாலம், அவவுக்கு அரை நாள். வாடகை மட்டும் அஞ்சில ஒரு பங்கு.

ஆமர்வீதி_பையன்:
அக்கா இது கொஞ்சம் ஓவர், அவங்களே கேட்டா சின்னதா வரையிறது புடிக்கும்னு சொல்லலாம்ல. எல்லாத்தையும் கஷ்டமாவே பாத்தா படத்த எப்ப பாக்குறது.

மை_போத்தல்:
பிடிக்கும் எண்டுதான் அவவும் சொல்லுவா. பெரிசா ஒண்டு செய்து பாக்காமல் எப்பிடித் தெரியும்?

மாளிகாவத்தை_நானா:
தங்கச்சி சென்னது சரி. எங்கட உம்மா ஆக கூட நேரம் நிண்டது அந்த சின்ன படத்துக்கிட்டதான். கண்ணாடிய கழட்டிட்டு குனிஞ்சி பாத்த. லேபல் இல்லாமயே வெளங்கிச்சி போல.

மாடியில_ஒருத்தன்:
தின்னர் போத்தல் வச்சது நான்தான். மன்னிப்பு கேட்டேன், அவங்க பரவால்லன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் நான் யோசிக்கல. வாடகை கணக்க அக்கா சொன்ன மாதிரி நாங்க யாரும் போட்டுப் பாத்ததே இல்ல. இன்னைக்கு ராத்திரி அஞ்சு பேரும் கோல் எடுத்து பேசுறோம். தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரு தாள் அடிக்கலாம், ஞாயிறு வரைக்கும் இருக்கு.

வெள்ளவத்தை_வாசி:
"கோல் எடுத்து" எண்டா அவவையும் சேத்துத்தானே? தாளை எழுதவும் அவவிட்டயே குடுங்கோ. டின்னில இன்னும் ஏதும் மிச்சம் இருக்கோ?

மாடியில_ஒருத்தன்:
அடியில ஒரு விரல் அளவு இருக்கும், மேல தோல் கட்டியிருக்கு. கொண்டாரலாம், ஆனா கலரியில மணம் வரும்னு உள்ள விடுவாங்களா தெரியல.

மாளிகாவத்தை_நானா:
மூடிய நல்லா தட்டி மூடிட்டு கொண்டு வாங்க. ஒண்டும் செல்ல மாட்டாங்க.

வெள்ளவத்தை_வாசி:
ஞாயிறு நான் திரும்ப வாறன். முதல்ல அந்தச் சின்னப் படங்களிட்டப் போறன், பிறகு மூலையில நிண்டு நீலத்தை எண்ணுறன்.