ஹீலியத்தில் வெப்பம் அலையாகப் போகுமா?

திருமங்கலத்தான்: மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வெப்பம் மெதுவாகப் பரவும், சரி. மீபாய்ம ஹீலியத்தில் (கடுங்குளிரில் உராய்வே இல்லாமல் பாயும் திரவ ஹீலியம்) ஒலி மாதிரி அலையாகவே ஓடும் என்கிறார்களே, எப்படி?

மேலூர்க்காரர்: தம்பி, 2.17 கெல்வினுக்குக் கீழே அந்தத் திரவம் இரண்டு பாய்மங்கள் கலந்ததுபோல நடந்துகொள்ளும், வெப்பத்தைச் சுமப்பது சாதாரணப் பகுதிதான், மீபாய்மப் பகுதிக்கு என்ட்ரோபியே (அணுக்களின் ஒழுங்கின்மையின் அளவு) கிடையாது. ஹீட்டரை விட்டுவிட்டுப் போட்டால் இரண்டும் எதிரெதிராக அசையும், மாசி வீதியில் தேர் பார்க்கப் போகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும் உரசாமல் கடப்பதுபோல (நம் ஊரில் உரசாமல் எங்கே!). மொத்த அடர்த்தி கிட்டத்தட்ட மாறாது, வெப்பநிலைதான் ஏறி இறங்கியபடி நகரும். இதுதான் இரண்டாம் ஒலி.

திருமங்கலத்தான்: வேகம் எவ்வளவு அண்ணே?

வாடிப்பட்டி வாத்தியார்: 1.7 கெல்வின் வாக்கில் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர். அதே திரவத்தில் சாதாரண ஒலி 200ஐத் தாண்டும். டிஸ்ஸா, லாண்டா என்ற இயற்பியலாளர்கள் முன்பே கணித்ததுதான், 1944இல் பெஷ்கோவ் மாஸ்கோவில் அளந்துகாட்டினார். சாதாரண மைக்கில் அநேகமாக எதுவும் சிக்காது, சட்டென்று காட்டுகிற தெர்மாமீட்டர் வேண்டும்.