புல்லட் சைடு பை விளம்பரத்தில் கம்பெனி பெயர் போடலாமா?

தாராவி தோல்பை:
அண்ணாச்சிமாரே, தாராவி நைன்டி ஃபீட் ரோடு பக்கம் தோல் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது புல்லட்டுக்கு சைடு பை தைக்கிறோம். ஆன்லைனில் ஏற்ற என் தம்பி எழுதியிருக்கும் தலைப்பு: "ராயல் என்ஃபீல்டு ஒரிஜினல் லெதர் பேக்". கம்பெனி லோகோவையும் தோலில் பஞ்ச் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்கிறான். அந்த லோகோவுக்கு டை (அச்சு) வெட்டக் கொடுப்பதற்கு முன் கேட்கிறேன். பெயரே போடாவிட்டால் தேடுகிறவன் கண்ணில் எப்படிப் படும்?

மாட்டுங்கா மணி:
டை வேலையை நிறுத்துங்கள் முதலில். லோகோ அடித்தால் அது டூப்ளிகேட் சரக்கு. டிரேட்மார்க் சட்டம் 103-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தையல் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஃபோர்ட் குமாஸ்தா:
மணி சொன்னது லோகோவுக்கு. பெயர் வேறு சங்கதி. அதே டிரேட்மார்க் சட்டத்தின் (1999) 30-ஆம் பிரிவு ஆக்சஸரி விற்பவருக்கு வழி விட்டிருக்கிறது. இன்ன வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல அந்தப் பெயர் நியாயமாகத் தேவைப்பட்டால் போடலாம். கம்பெனிக்கும் உங்களுக்கும் தொடர்பு இருப்பதுபோல் மட்டும் தோன்றக் கூடாது. தம்பியின் "ஒரிஜினல்" அங்கேயே அடிவாங்கும்.

ஹாக்கின்ஸ் வழக்கைப் பாருங்கள். குக்கர் கேஸ்கட் விற்றவர் "மயூர்" என்று சொந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார். கவரில் ஹாக்கின்ஸ் குக்கருக்குப் பொருந்தும் என்றும் போட்டார். தனி நீதிபதி முன் ஜெயித்தார். 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) அதைப் புரட்டிவிட்டது. மற்ற குக்கருக்கும் ஆகிற கேஸ்கட்டில் அந்த ஒரு பெயர் எதற்கு என்று கேட்டது. போதாததற்கு, ஹாக்கின்ஸ் மட்டும் சிவப்பு, மற்ற எழுத்தெல்லாம் கறுப்பு. எனக்கென்னவோ தீர்ப்பு கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. கடைக்கு வருகிறவர் கேட்பதே "ஹாக்கின்ஸுக்கு ஆகுமா" என்றுதானே. ஆனாலும் அதை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். உங்கள் பை எந்த பைக்கிலும் மாட்டுமா?

தாராவி தோல்பை:
வார் வைத்த பை எதிலும் தொங்கும். கிளாம்ப் வைத்தது கிளாசிக் 350-க்கென்றே அளவெடுத்தது, வேறு வண்டியில் உட்காராது.

ஃபோர்ட் குமாஸ்தா:
அப்படியானால் வார் பைக்குக் கம்பெனி பெயரே வேண்டாம். கிளாம்ப் பைக்கு உங்கள் பட்டறைப் பெயர் மேலே, பெரிதாக. கீழே ஒரே அளவில், ஒரே நிறத்தில்: "ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்குப் பொருந்தும். அந்தக் கம்பெனியின் தயாரிப்பு அல்ல." கடைசி வரியைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

சயான் மெக்கானிக்:
போட்டோவும் முக்கியம் அண்ணே. டேங்க் லோகோ பளபளக்க முழு வண்டியை எடுக்காமல், கிளாம்ப் உட்காரும் இடத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள். வாங்குகிறவன் பார்ப்பதும் அதைத்தான்.

தாராவி தோல்பை:
சரி, டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஒரிஜினல் லெதர்" என்றாவது போடலாமா என்று தம்பி கேட்கிறான்.

ஃபோர்ட் குமாஸ்தா:
என்ன தோல்?

தாராவி தோல்பை:
எருமை.

ஃபோர்ட் குமாஸ்தா:
"அசல் எருமைத் தோல்" என்று போடுங்கள். கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் வேண்டாம், தனி வரியில்.