மறு: ‘கிரேசிங் இன்சிடன்ஸ்’ – தமிழில்?

தி.க.:
எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி ஆடிகள் பற்றிய பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கதிர் ஆடிப்பரப்பை ஒட்டிச் சாய்ந்து விழுவதே ‘கிரேசிங் இன்சிடன்ஸ்’; ஆங்கிலத்தில் ‘கிரேஸ்’ என்றால் உரசிச்செல்வது, மேய்வது இரண்டும். முன்வரைவில் ‘மேய்படுகை’ என்றிருக்கிறது. நாசாவின் எக்ஸ்கதிர் விண்தொலைநோக்கி சந்திராவின் ஆடியில் மாடா மேய்கிறது? ‘சிறுபடுகோணம்’ என்று மாற்றலாமா?

மு.செ.:
கூடாது. படுகோணத்தைச் செங்குத்துக்கோட்டிலிருந்து அளப்பதே பாடநூல் வழக்கம். சந்திராவில் கதிர் ஆடிப்பரப்போடு ஒரு பாகைக்கும் குறைவாகவே சாய்கிறது. அப்படியானால் படுகோணம் 89 பாகைக்கு மேல். அதுவா சிறியது? நிமிர்ந்து விழுந்தால் கதிர் இரிடியப் பூச்சுக்குள் புகுந்து தொலைந்துபோகும். பரப்பிலிருந்து அளக்கும் கோணத்துக்குத் தனிச்சொல் வேண்டும்: ‘உரசுகோணம்’.

இ.வே.:
ஐயா, அடுத்த பக்கத்திலேயே சந்திராவின் ஆடிக்கான ஸெரோடூர் என்ற கண்ணாடியைத் தேய்த்து மெருகிடுவது வருகிறது. மேடுபள்ளம் சில ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அடங்கும்வரை தேய்க்கிறார்கள். மிஞ்சினால் கதிர் சிதறி, பிம்பத்தைச் சுற்றிப் புகைபோல் படரும். அங்கும் உரசல், இங்கும் உரசலா? ‘வருடுகோணம்’ என்போம். வினைத்தொகை, ‘வருடுக்கோணம்’ என்று ஒற்றைச் செருகிவிடாதீர்கள்.

ப.நா.:
‘மேய்’ என்றால் மாடு மட்டுமா? கூரை மேய்வதும் உண்டு (‘வேய்’ என்பதே ‘மேய்’ ஆனது). ஐரோப்பிய எக்ஸ்கதிர் விண்கலம் எக்ஸ்எம்எம்-நியூட்டனில் ஒரு தொலைநோக்கிக்கு 58 குழல்வடிவ ஆடி ஓடுகள், ஒன்றுக்குள் ஒன்று. கீற்று மேய்ந்த கூரையேதான். இன்னொன்று: ‘எக்ஸ்கதிர்’ எதற்கு? ஊடுகதிர் என்க.

மு.செ.:
ஊடுருவாமல் திரும்புவதற்காகவே ஆடி. அங்கே போய் ஊடுகதிரா! கீற்று ஒன்றன்மேல் ஒன்று படியும், ஓடுகளோ ஒன்றையொன்று தொடவே கூடாது. அவற்றைச் செய்யும் முறையும் வேறு: மெருகிட்ட அச்சில் (‘மாண்ட்ரல்’) பொன்னைப் படியவைத்து, அதன்மேல் மின்பகுப்பால் நிக்கல் வளர்த்து, பிறகு குளிர்விக்கிறார்கள். உள்ளிருக்கும் அலுமினிய அச்சு நிக்கலைவிடக் கூடுதலாகச் சுருங்க, ஓடு பொன்னோடு கழன்றுவரும். நிக்கல் என்பதால் அதைக் ‘கண்ணாடி’ என்பதும் பிழை, ‘ஆடி’தான்.

இ.வே.:
சோதனைப் பகுதிக்கும் ‘வருடுகோணம்’ கைகொடுக்கும். அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில், ஏவுவதற்கு முன் சந்திராவின் ஆடிகளைச் சோதித்தபோது கதிர்மூலம் ஐந்நூறு மீட்டருக்குச் சற்று அப்பால் இருந்தது. விண்மீனிலிருந்து வருவதுபோல் இணைகதிர் கிடைக்காது, விரிகதிர்தான். ஒன்றுக்குள் ஒன்றான ஆடிகளில் வெளிப்புற ஆடியில் வருடுகோணம் நாலு கலை (ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒன்று) கூடும், குவியம் சுமார் 20 செ.மீ. பின்னே தள்ளும். கிடையாக வைத்த ஆடி தன் எடையால் தொய்வது தனி. இரண்டையும் கணக்கில் கழித்த பிறகே விண்வெளியில் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும்.

தி.க.:
மூவர் ‘வருடுகோணம்’ (மு.செ. அரைமனதாக). அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். அச்சுக்குச் சொல் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

ப.நா.:
எந்த அச்சுக்கு? அலுமினிய அச்சுக்கா, வெள்ளிக்கிழமை அச்சுக்கா? பாடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அகராதிக்கு வரும்போது ‘மேய்கோணம்’ என்று திரும்பவும் எழுதுவேன்.