டிசம்பர் பயணம்: தரங்கம்பாடிக்கு அரை நாள் போதாது

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

அல்சூர் கூட்டத்தில் போட்ட பயணத் திட்டத்தைப் பார்த்தேன். திருக்கடையூரில் ஒரு நாள், நம்ம ஊர் தரங்கம்பாடிக்கு அரை நாள், அதிலும் கோட்டை வாசலில் ஒரு குரூப் போட்டோ. பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ‘டேனிஷ்காரன் கட்டின ஊர்’ என்று நினைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள்.

முதலில் மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கடல் தின்றது போக மிச்சம் இருப்பதைத்தான் இன்று பார்க்கிறோம். கோட்டை வந்தது 1620இல். மிளகு தேடிக் கிளம்பிய டேனிஷ்காரர்கள் இலங்கையில் காலூன்ற முடியாமல் இங்கே வந்தார்கள். இடம் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ் ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கோட்டைக்குள் போனால் பீரங்கியோடு நிறுத்திவிடாதீர்கள். 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கை டேனிஷ் ஆளுநரே பிடித்து நான்கு மாதம் அங்கே அடைத்து வைத்தார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற மனிதர் அவர். அவர் இங்கே நடத்திய அச்சகத்தின் கதை அதைவிடச் சுவையானது. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு. அதில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. சரி என்று இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்தார்கள். காகிதம் செய்யவும் பட்டறை போட்டார்கள். பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்கிறோமே, அதுதான். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜா வீதியிலேயே இருக்கிறது, கல்லறையும் அதற்குள்தான்.

1845இல் ஆங்கிலேயர்கள் நம்ம ஊரை, டேனிஷ்காரர்களிடம் இருந்த வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். அப்புறம் வியாபாரமெல்லாம் நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. அந்தப் பழைய வீதி தப்பியதே அதனால்தான்.

இன்னொன்று. துண்டறிக்கையில் ‘ஓசோன் நிறைந்த கடற்காற்று’ என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கடல் வாசனை ஓசோன் இல்லை. ஓசோனை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குத்தான் கேடு. காற்று நன்றாக வீசும் என்று போட்டாலே போதும்.

ஊருக்கே வந்துகொண்டிருந்த ரயிலை 1986இல் நிறுத்திவிட்டார்கள், தெரிந்ததுதான். ஆகவே மைசூர் வண்டியில் மயிலாடுதுறை, அங்கிருந்து வேன். டிக்கெட் போடுகிறவர் திரும்பும் தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டால் நல்லது. பெரியவர்களுக்குக் கீழ் பெர்த் கேளுங்கள். வேன் செலவில் என் பங்கை இப்போதே அனுப்பிவிடுகிறேன்.